நல்ல நாளில் கொடுத்த அட்வான்ஸ்

விசாலாட்சி கோபக்காரி என்பது ஊரறிந்த விஷயம். வெண்டைக்காய் முற்றலாக இருந்தால் தேக்கா சந்தையில் சண்டை. ஓடி வருவதைப் பார்த்தும் லிஃப்ட் கதவை மூடுகிற பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை. ஆனால் ஐம்பத்தொரு வயதுவரை அரசாங்கத்தோடு மட்டும் அவளுக்கு ஒரு தகராறும் இருந்ததில்லை. வரி கட்டச் சொன்னால் கட்டினாள், படிவம் நிரப்பச் சொன்னால் நிரப்பினாள், முகக்கவசம் போடச் சொன்ன காலத்தில் இரண்டாகப் போட்டுக்கொண்டாள். அப்படிப்பட்டவளை ஒரே ஒரு மானிய விண்ணப்பம் ஆட்டிப் படைத்துவிட்டது.

அவள் தொழில் இட்லி மாவு. காலாங்கில் ஒரு தொழிற்பேட்டையில் சின்ன யூனிட், அதில் நான்கு கிரைண்டர், இரண்டு குளிர்பெட்டி, ஆஸ்மா என்கிற ஒரே ஒரு வேலையாள். பன்னிரண்டு வருடமாகத் தினம் இருநூற்றைம்பது பாக்கெட் லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளுக்குப் போகிறது. கணவர் சுந்தரேசன் பேருந்து ஓட்டுநர். வார விடுமுறையில் வேனை எடுத்துக்கொண்டு டெலிவரிக்குப் போவார். சிராங்கூன் சாலையில் பாதிப் பேருக்கு விசாலாட்சியின் பெயர் தெரியாது. மாவுக்கார அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும்.

மாவை எப்படிப் பாக்கெட் போட்டார்கள் என்றால், ஆஸ்மா அகப்பையால் அள்ளி, தராசில் வைத்து, கூடினால் எடுத்து, குறைந்தால் ஊற்றி, காலால் மிதிக்கிற சீலரில் வாயை ஒட்டினாள். ஒரு மணி நேரத்துக்குத் தொண்ணூறு பாக்கெட். இதிலேயே காலம் போயிருக்கும். ஆகஸ்ட் மாதம் ஒரு சூப்பர்மார்க்கெட்டிலிருந்து மின்னஞ்சல் வந்தது: பதினான்கு கிளைகளுக்கு மாவு வேண்டும், ஜனவரி முதல் தேதியிலிருந்து. ஒரே நிபந்தனை, பாக்கெட்டை இயந்திரம்தான் நிரப்பி ஒட்ட வேண்டும், தேதியும் அச்சடித்திருக்க வேண்டும். உங்களால் முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், இன்னொரு கம்பெனி காத்திருக்கிறது என்று கடைசி வரியில் மரியாதையாகப் பயமுறுத்தியும் இருந்தார்கள்.

அந்த இயந்திரத்தின் விலை இருபத்தெட்டாயிரம் வெள்ளி, அதாவது டாலர். விசாலாட்சி கையில் இருந்தது பதினாலாயிரம். சிறு தொழில்களுக்கு இயந்திரத்தின் பாதி விலையை அரசாங்கம் கிராண்ட் என்ற மானியமாகத் தருகிறது என்று கேள்விப்பட்டபோது அவளுக்குத் தன்னையே கிள்ளிப் பார்க்கத் தோன்றியது. தன் கம்பெனியை ஒளிந்திருந்து பார்த்துவிட்டுத்தான் யாரோ திட்டம் தீட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தாள். ஆர்டர் ஓடத் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆள் போடலாம், பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக வாரத்தில் ஒரு நாள் ஏழு மணிவரை தூங்கலாம் என்று சுந்தரேசனிடம் சொன்னாள்.

"மொதல்ல ஃபார்ம போடு, அப்புறம் தூங்கலாம்லா" என்றார் அவர்.

அவர் சொன்னபடி முதலில் ஃபார்மைப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் விசாலாட்சி எந்தக் காரியத்தையும் ஃபார்மிலிருந்து தொடங்குகிறவள் இல்லை. நாள்காட்டியிலிருந்து தொடங்குகிறவள். செப்டம்பர் முதல் வாரம், ஆவணி மாதம், வளர்பிறை, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதேகாலுக்கு மேல் நல்ல நேரம். அந்தத் திட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருந்த விற்பனையாளர்களில் கோவிந்தராசு அவளுக்கு முன்பே தெரிந்தவர், அவளுடைய முதல் கிரைண்டரை விற்றவர். சையது ஆல்வி சாலையில் ஒரு மாடி அறையை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து சமையல் இயந்திரங்கள் தருவிக்கிறார். அன்றைக்குக் காலை கோயிலுக்குப் போய்விட்டு, வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், நூற்றொரு வெள்ளி எல்லாம் வைத்த ஒரு தட்டோடு அந்த மாடிப்படி ஏறினாள். கோவிந்தராசு எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். ரசீதும் போட்டுக் கொடுத்தார்: பாக்கெட் இயந்திரத்துக்கு முன்பணம், நூற்றொரு வெள்ளி.

இது அவள் வழக்கம். காலாங் யூனிட்டை வாடகைக்கு எடுத்தபோதும் இதே மாதிரி ஒரு தட்டை உரிமையாளரான சீனப் பெரியவரிடம் நீட்டினாள். தேங்காயை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் அதைக் கணக்குப் புத்தகத்தின் மேல் பாரத்துக்கு வைத்தார். ஆனால் மறுநாள் வேறொருவர் கூடுதல் வாடகைக்குக் கேட்டு வந்தபோது, இடம் போய்விட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். தட்டு கைமாறினால் காரியம் முடிந்தது என்பதில் விசாலாட்சிக்கு அதற்குப் பிறகு சந்தேகமே வந்ததில்லை.

அப்புறம்தான் விண்ணப்பம்.

அது இணையத்தில் நிரப்ப வேண்டிய விண்ணப்பம். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் வெளியே தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து உள்ளே வரச் சொல்லும். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று அலமாரியைக் குடைந்துவிட்டு வருவதற்குள் மூன்று முறை தள்ளியது. கம்பெனியில் எத்தனை ஊழியர்கள் என்று கேட்டது. ஒன்று என்று போட்டாள். பிறகு சுந்தரேசனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்தாள்.

"ஏங்க, நீங்க என் கம்பெனில ஸ்டாஃபா?"

"சம்பளம் குடுத்தியா?"

"இல்ல."

"அப்ப நான் ஸ்டாஃப் இல்ல."

"அப்ப யாரு நீங்க?"

அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அவரை விட்டுவிட்டாள். அடுத்த கேள்விதான் அவளை உண்மையிலேயே அழ வைத்தது. இயந்திரம் வந்தால் உற்பத்தித்திறன் எத்தனை விழுக்காடு கூடும், அதை எப்படி அளந்தீர்கள், ஆதாரம் எங்கே? மணிக்குத் தொண்ணூறு பாக்கெட் என்று அவளுக்குத் தெரியும், ஆஸ்மாவுக்குத் தெரியும், கடைக்காரர்களுக்குத் தெரியும். அரசாங்கத்துக்கு ஆதாரம் வேண்டும். சரி என்று கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு ஆஸ்மாவின் பக்கத்தில் நின்றாள். முதலாளி கடிகாரத்தோடு நின்றால் எந்த வேலைக்காரிக்குத்தான் ரோஷம் வராது? ஆஸ்மா தலைத்துணியை இழுத்துச் செருகிக்கொண்டு சூறாவளி மாதிரி அள்ளினாள், மிதித்தாள், அடுக்கினாள். ஒரு மணி நேரத்தில் நூற்று நாற்பத்தைந்து.

"என்னக்கா, எப்படி?" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

விசாலாட்சிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "இப்படிக் கட்டுனா மெஷின் எதுக்குன்னு கேப்பாங்க! மெதுவா கட்டு ஆஸ்மா, கிராண்ட் போயிடும்!"

"மெதுவாவா? என்னைச் சோம்பேறின்னு கவர்மெண்டுக்கு எழுதப் போறீங்களா?" ஆஸ்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளைச் சமாதானப்படுத்தி, டீ வாங்கிக் கொடுத்து, வழக்கமான வேகம்தான் வேண்டும் என்று புரியவைத்து, மறுநாள் கடிகாரத்தை அரிசி மூட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்து அளந்தார்கள். தொண்ணூற்று இரண்டு.

இப்படி எட்டு நாள். கடைசிப் பக்கத்தில் ஒரு உறுதிமொழி இருந்தது. இந்த இயந்திரத்துக்காக விற்பனையாளருக்கு இதுவரை எந்தப் பணமும் செலுத்தவில்லை, எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. விசாலாட்சி அதைப் படித்தாள், அந்தக் கட்டத்தில் சரி என்று குறியும் போட்டாள். மனதறிந்த பொய் இல்லை. பணம் செலுத்துவது என்றால் அவளைப் பொறுத்தவரை இருபத்தெட்டாயிரத்தைச் செலுத்துவது. நூற்றொரு வெள்ளி தட்டில் வைத்தது. தட்டில் வைத்ததை யாராவது செலுத்தினேன் என்பார்களா?

அதற்கும் கீழே, வேறு ஆதாரங்கள் இருந்தால் இணைக்கவும் என்று ஒரு இடம். தான் விளையாட்டுக்கு விண்ணப்பிக்கவில்லை, சொன்னால் வாங்குகிற ஆள் என்று அதிகாரிகளுக்குத் தெரியட்டும் என்று கோவிந்தராசு கொடுத்த ரசீதைப் படம் பிடித்து அங்கே இணைத்தாள். இணைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நான்கு வாரம் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பத்துக்கு முன்பே பணம் செலுத்தப்பட்டிருப்பதால் தகுதி இல்லை. மேல்முறையீடு செய்ய விரும்பினால் பதினான்கு நாள்.

சிறுதொழில் ஆலோசனை மையத்தில் அவளுக்குக் கிடைத்தவர் அதீஃப் என்ற தமிழ் முஸ்லிம் இளைஞர். முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பொறுமைசாலி. விசாலாட்சி உட்காருவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

"தம்பி, அது அட்வான்ஸே இல்ல. சாஸ்திரத்துக்குக் குடுத்தது. இருபத்தெட்டாயிரத்துக்கு நூத்தியொரு வெள்ளி எந்த மூலைக்கு?"

"புரியுதுக்கா. ஆனா ரூல் என்னன்னா, கிராண்ட் இல்லாமலே வாங்க முடிவு பண்ணவங்களுக்கு கவர்மெண்ட் காசு தேவையில்லை. அட்வான்ஸ் குடுத்தா முடிவு பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். எவ்வளவுங்கறது மேட்டர் இல்ல."

"முடிவு பண்ணாம ஒருத்தன் எதுக்குப்பா அப்ளை பண்ணுவான்?"

அதீஃப் திரையைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க. பணம் கட்டலைன்னு நீங்களே டிக் பண்ணிருக்கீங்க. அதுக்குக் கீழயே கட்டுன ரசீதையும் நீங்களே போட்டிருக்கீங்க. நான் பாத்த வரைக்கும் இப்படி யாரும் பண்ணதில்லக்கா."

விசாலாட்சிக்கு முகம் சிவந்தது. திருடி என்று சொல்லவில்லை, முட்டாள் என்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டில் ஒன்றாகத்தான் தன்னை நினைக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. வேறு விற்பனையாளரிடம் வேறு இயந்திரத்துக்குப் புதிதாக விண்ணப்பித்தால் என்ன என்று கேட்டாள். விண்ணப்பிக்கலாம், ஆனால் பதில் வர ஆறு வாரம், அதற்குப் பிறகு ஆர்டர் போட்டு இயந்திரம் வர இரண்டு மாதத்துக்கு மேல். ஜனவரி தாண்டிவிடும். சூப்பர்மார்க்கெட் போய்விடும்.

"ஒரு வழி இருக்கு" என்றார் அதீஃப். "அந்தக் காசு வழக்கத்துக்காகக் குடுத்தது, திருப்பிக் குடுத்துடலாம், இதை வச்சு மெஷினுக்கு எந்த ஆர்டரும் போடலன்னு வெண்டர் ஒரு லெட்டர் குடுக்கட்டும். அதோட அப்பீல் போட்டா சான்ஸ் இருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உண்மையா இருந்தா மட்டும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை விசாலாட்சியின் காதில் ஏறவே இல்லை. மையத்திலிருந்து நேராக சையது ஆல்வி சாலைக்குப் போனாள். மாடிப்படி ஏறும்போதே கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கோவிந்தராசு அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார். "வாங்கம்மா! நானே போன் பண்ணணும்னு இருந்தேன். உங்க மெஷின் கோயம்புத்தூர்லேர்ந்து கெளம்பி மெட்ராஸ் ஹார்பருக்கு வந்துருச்சு. அடுத்த வாரம் கப்பல்ல ஏறுது."

விசாலாட்சி நின்ற இடத்திலேயே நின்றாள். "என் மெஷினா?"

"நீங்க தட்டு குடுத்த அன்னிக்குச் சாயங்காலமே ஆர்டர் போட்டுட்டேன். ஜனவரிக்கு வேணும்னு சொன்னீங்கள்ல? மூணுல ஒரு பங்கு காசும் அனுப்பியாச்சு."

"உங்கள யாருண்ணே ஆர்டர் போடச் சொன்னா?"

கோவிந்தராசு விழித்தார். "நீங்கதானம்மா!"

"கிராண்ட் வந்தாத்தானே வாங்குவேன்! நான் எங்கயாவது கையெழுத்து போட்டேனா? அது வெறும் சாஸ்திரம்ணே. நூத்தியொரு வெள்ளிக்கு என்ன பெரிய அர்த்தம் இருக்கு?"

சொல்லி முடித்ததும் அவளுக்கே அது யாரோ பேசிய மாதிரி இருந்தது. கோவிந்தராசு முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. விசாலாட்சிக்கு வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்ததால் கோபம் இன்னும் கூடியது. மையத்தில் நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினாள், என்ன கடிதம் வேண்டும் என்பதையும் சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். மேசை இழுப்பறையிலிருந்து கம்பெனி பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார், பேனாவைத் திறந்தார்.

"ஆர்டர் போடலன்னு எழுதணும். அதானே?"

"ஆமா."

"கண்டுபிடிச்சாங்கன்னா லிஸ்ட்லேர்ந்து என் பேர எடுத்துருவாங்க. அப்புறம் கிராண்ட் வச்சு வாங்குற ஆள் ஒருத்தர்கூட இந்த மாடி ஏற மாட்டாங்க." அதைக் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை, மழை வரும் என்கிற மாதிரி சொன்னார். "பரவால்லம்மா. நீங்க எழுதச் சொன்னா எழுதறேன். பன்னெண்டு வருஷப் பழக்கம்."

பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

விசாலாட்சிக்கு அந்த நிமிடம் அவர் மேல் வந்த ஆத்திரம் இதுவரை எந்த அதிகாரி மேலும் வந்ததில்லை. ஏன் இந்த மனிதர் முடியாது என்று சொல்லித் தொலைக்கக் கூடாது? முடியாது என்றால் சண்டை போடலாம், திட்டலாம், கதவைச் சாத்திவிட்டுப் போகலாம், வாழ்நாள் முழுக்க இந்த ஆளால்தான் மானியம் போயிற்று என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். எழுதுகிறேன் என்கிறவரை என்ன செய்வது? பதினாலாயிரம் வெள்ளி அந்தப் பேனா முனையில் இருந்தது. எழுதுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரசாங்கத்தில் யார் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு விசாரிக்கப்போகிறார்கள்? ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததுதான் எரிச்சலாகவும் இருந்தது.

"எழுதவாம்மா?"

"சும்மா இருங்கண்ணே, யோசிக்க விடுங்க!"

கீழே தெருவில் ஒரு லாரி பின்னோக்கி நகரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த மனிதர் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு, ஒரு கேள்விகூடக் கேட்காமல், சொந்தக் காசை எடுத்துக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார். சூப்பர்மார்க்கெட்காரர்கள் இதுவரை ஒரு வெள்ளி அனுப்பியதில்லை, மின்னஞ்சல்தான் அனுப்புகிறார்கள்.

"மூடி வைங்கண்ணே" என்றாள் விசாலாட்சி.

"என்னம்மா?"

"பேனாவ மூடி வைங்க. ஒண்ணும் எழுத வேணாம். மெஷின் வரட்டும். பதினாலு இப்பக் குடுத்துடறேன். மீதிய எப்படின்னு நீங்களே சொல்லுங்க, ஏன்னா எனக்கு இதுக்கு மேல யோசிக்கத் தெம்பு இல்ல."

கோவிந்தராசு பேனாவை மூடினார். மாதம் எழுநூறு, இருபது மாதம், வட்டி கிடையாது என்றார். எழுநூறு என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்க நினைத்த ஆளின் சம்பளம் என்று அவள் மனம் உடனே சொன்னது. இன்னும் இருபது மாதம் ஞாயிறும் நான்கு மணிக்கு எழுந்து அவளேதான் மாவு ஆட்ட வேண்டும்.

"ஆயிரம் வெள்ளி கொறைங்க" என்றாள்.

"ஐநூறு."

"எழுநூத்தம்பது. இன்ஸ்டலேஷனுக்கும் காசு கேக்கக் கூடாது."

அவர் சரி என்றார், அவளைச் சண்டை போடக்கூட விடவில்லை.

பாசிர் ரிஸ் போகிற ரயிலில் இடம் கிடைத்தது. மேல்முறையீட்டுக்கான பக்கம் கைப்பேசியில் திறந்தே இருந்தது. எப்படியும் செய்யப்போவதில்லை, அதை மூடிவிடலாம் என்று விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினாள். உடனே மூட விட்டால் அது அரசாங்கப் படிவமா? திரும்பப் பெறுவதற்குக் காரணம் என்ன என்று கேட்டது. தேர்ந்தெடுக்க நான்கு காரணம் கொடுத்திருந்தது: இயந்திரம் தேவைப்படவில்லை. வேறு நிதி கிடைத்துவிட்டது. தொழில் மூடப்பட்டது. மற்றவை. மற்றவை என்பதைத் தொட்டதும் ஒரு பெட்டி திறந்தது, இருநூறு எழுத்துக்கு மிகாமல் விளக்கவும்.

விசாலாட்சி விளக்கினாள். ஆங்கிலத்தில் கட்டை விரல் வலிக்க விளக்கினாள். நல்ல நாள் என்றால் என்ன, தட்டு என்றால் என்ன, உங்கள் வீட்டில் யாருமே நல்ல காரியத்துக்கு முன்னால் ஒன்றும் கொடுப்பதில்லையா, எட்டு நாள் என் தூக்கத்தைக் கெடுத்தீர்களே, ஆஸ்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. எழுத்து எண்ணிக்கை சிவப்பாகி அறுநூற்றைத் தாண்டியது. அனுப்ப முடியாது என்றது. பாதியை அழித்தாள். இன்னும் சிவப்பு. தானா மேரா நிலையம் வந்தபோது எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு இரண்டே வரி எழுதினாள்.

இந்த இயந்திரத்தை நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். செப்டம்பர் மாதமே.

எழுத்து அளவு சரி என்று பெட்டி பச்சையானது. நிச்சயமாகத் திரும்பப் பெறுகிறீர்களா, இதை மாற்ற முடியாது என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டது. "ஆமாங்கறேன்!" என்று விசாலாட்சி வாய்விட்டுச் சொல்லி அழுத்தினாள். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.